சந்தை மலாயில் நெஞ்சு வலியைச் சொல்ல முடியுமா?



பாசாரில் நம் பெண்கள் மீன் வாங்கும் சாமர்த்தியத்தைப் பார்த்திருப்பீர்கள். "பெராப்பா சத்து கிலோ, பாங்?" என்று தொடங்குவார்கள். விலையைக் கேட்டதும் "அய்யோ, மஹால்லா!" என்று முகத்தைச் சுளித்து இரண்டடி நகர்வார்கள். மீன்காரர் கூப்பிட்டு ஒரு வெள்ளி குறைப்பார். இலக்கணம் கிடையாது, எழுவாய் பயனிலை கிடையாது. ஆனாலும் கெம்போங் மீன் பைக்குள் வந்துவிடும். இந்தச் சந்தை மலாயை வைத்துக்கொண்டே நாற்பது ஐம்பது ஆண்டுகள் கடை கண்ணி, பஸ், பள்ளிக்கூட அலுவலகம் எல்லாவற்றையும் சமாளித்தவர்கள் நம் பெரியவர்கள். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

ஆனால் அதே அம்மாள் அரசாங்கக் கிளினிக்கில் எண் கூப்பிட்டதும் உள்ளே போய் டாக்டர் முன் உட்காரும்போது என்ன நடக்கிறது? "சாக்கிட் அப்பா, மாக்சிக்?" என்று டாக்டர் கேட்கிறார். அம்மாள் மார்பைத் தொட்டுக் காட்டி, "சாக்கிட்" என்கிறார். எப்படிச் சாக்கிட்? "பாஞா சாக்கிட்." அதற்குமேல் சொல் வருவதில்லை. வெளியே எண்பது பேர் காத்திருக்கிறார்கள். மாத்திரைச் சீட்டு கைக்கு வந்துவிடுகிறது.

வீட்டுக்கு வந்து மகளிடம் நோவைச் சொல்லும்போது மட்டும் எத்தனை சொல்! குத்துது, குடையுது, கடுக்குது, எரியுது, பிசையுது, விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, மரத்துப் போகுது. ஒவ்வொன்றும் வேறு வேறு நோவு. டாக்டருக்கு வேண்டியதும் இந்த வேறுபாடுதான். சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் மார்பு எரிகிறது என்றால் அவர் வயிற்றுப் புளிப்பை நினைப்பார். மார்பை அமுக்கிப் பிடிக்கிறது, இடது கைக்கும் தாடைக்கும் ஓடுகிறது, வேர்த்துக் கொட்டுகிறது என்றால் மறு நிமிடமே இருதயத்தைச் சோதிக்கும் கருவியைக் கொண்டுவரச் சொல்வார். இரண்டுக்கும் "சாக்கிட்" என்ற ஒரே சொல்லைக் கொடுத்தால் அவர் எதை எடுத்துக்கொள்வது?

மலாய் மொழியில் சொல் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மலாய்க்காரப் பாட்டிமாரும் நம்மைப்போல விதவிதமாக நோவைச் சொல்பவர்கள்தான். குத்துகிறது என்பதற்கு மெஞ்சுச்சுக். தெறிக்கிறது என்பதற்கு பெர்டெஞுட். எரிகிறது, பெடிஹ். வயிற்றைப் பிசைகிறது, மெமூலாஸ். மரத்துப் போகிறது, கெபாஸ். கை கால் உளைச்சலுக்கு லெங்ஙோ. மூச்சு முட்டுவதற்கு செசாக் நாஃபாஸ். இந்த ஏழு சொல்லையும் ஒரு தாளில் எழுதி அடையாள அட்டைப் பையில் வைத்துக்கொண்டாலே கிளினிக்கில் பாதி வேலை முடிந்தது.

சொல் திரும்பினால் நோயும் திரும்பும்

சொல் இல்லாமல் போவதைவிடத் தவறான சொல் போய்ச் சேருவது ஆபத்து. சில சொற்களை மட்டும் சொல்கிறேன், கவனியுங்கள்.

"நெஞ்சு வலிக்குது" என்பதை நம் பிள்ளைகளில் சிலர் "சாக்கிட் ஹாத்தி" என்று சொல்லிவிடுகிறார்கள். பாட்டிலும் படத்திலும் ஹாத்தி என்றால் நெஞ்சம் என்று கேட்டுப் பழகியதால் வருகிற பிழை அது. மலாயில் சாக்கிட் ஹாத்தி என்றால் மனம் புண்பட்டிருக்கிறது, கோபமாக இருக்கிறது என்று பொருள். உடம்பு உறுப்பாகப் பார்த்தால் ஹாத்தி என்பது ஈரல். இருதயத்துக்கு ஜந்தோங், மார்புக்கு டாடா. நெஞ்சு வலிக்கு "சாக்கிட் டாடா" என்றுதான் சொல்ல வேண்டும். யாரிடம் கோபம் என்று தாதி சிரித்துக்கொண்டே கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் காதில் விழுந்தது அதுதான்.

அடுத்தது மயக்கம். தமிழில் இந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை அடங்கியிருக்கிறது! தலை சுற்றினாலும் மயக்கம், நினைவு தப்பினாலும் மயக்கம், குடித்துவிட்டுக் கிடந்தாலும் மயக்கம். மலாயில் இவை தனித்தனி. தலை சுற்றுவது பெனிங். கண் இருட்டிக்கொண்டு வருவது பீத்தாம். நினைவு தப்புவது பெங்சான். குடிபோதைக்கு மாபோக். பஸ்ஸில் போனால் வருகிற குமட்டலுக்கும் மாபோக் என்பதால், பிள்ளைகள் மயக்கத்துக்கு அந்தச் சொல்லை எடுத்துவிடுகிறார்கள். ஏற்கெனவே தோட்டத்து ஆள் என்றாலே சாராயம் என்று நினைக்கிற உலகம் இது.

இது வீண் பயம் அல்ல. 1980-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் இப்படித்தான் நடந்தது. கியூபாவிலிருந்து குடியேறிய குடும்பம். 18 வயதுப் பையன் நினைவிழந்து கிடக்கிறான். வீட்டார் பேசும் மொழி ஸ்பானிஷ். சாப்பிட்டது எதோ ஒத்துக்கொள்ளவில்லை என்ற பொருளில் "இன்டாக்சிகாடோ" என்று சொன்னார்கள். ஆங்கிலத்தில் அதைப்போல ஒலிக்கிற சொல்லுக்குப் போதை என்று பொருள். மருத்துவமனை அவனைப் போதைமருந்து உட்கொண்டவன் என்று எண்ணி அதற்கே வைத்தியம் பார்த்தது. உண்மையில் அவன் மூளைக்குள் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. இரண்டு நாளைக்கு மேல் கழித்தே அது தெரிந்தது. கை, கால் நான்கும் செயலிழந்தன. பிறகு கோடிக்கணக்கான டாலர் இழப்பீடு கொடுத்தார்கள். பணம் நரம்பைத் திருப்பித் தருமா? அவர்கள் சொன்ன சொல்லும் நம் மயக்கமும் ஏறக்குறைய ஒரே குணம் கொண்டவை. எனக்கு அதுதான் உறுத்துகிறது.

மூன்றாவதாக, தோட்டத்தில் இருக்கிற நமக்கே உரிய சொல் ஒன்று உண்டு: மருந்து. புல்லுக்கு அடிக்கிற விஷத்தை நாம் மருந்து என்கிறோம். "இன்னிக்கு மருந்தடிக்கப் போறேன்" என்று சொல்லாத தோட்டப் பெண் உண்டா? தோம்பு முதுகில் ஒழுகி, தோல் வெந்து, கண் எரிந்து வாந்தி எடுத்தால், "மருந்து பட்டிடுச்சு" என்கிறோம். கூடப் போகிற பிள்ளை அதை ஓபாட் என்று மொழிபெயர்க்கும். ஓபாட் என்றால் டாக்டர் கொடுக்கிற மருந்து; ஏதோ மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று டாக்டர் நினைப்பார். சொல்ல வேண்டியது ராச்சுன், அதாவது விஷம். களைக்கொல்லிக்கு ராச்சுன் ரும்பாய். மிகக் கொடியதான பாராகுவாட் இந்நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டுவிட்டது. ஆனாலும் மற்றவை அடிக்கப்படுகின்றன. விஷத்துக்கு விஷம் வைத்தியம் மாறும். ஆகவே போத்தலின் மேல் ஒட்டியிருக்கும் தாளையாவது படம் பிடித்துக் கைப்பேசியில் கொண்டு போங்கள். அந்தத் தாள் எந்த மொழிபெயர்ப்பாளரையும்விட நன்றாகப் பேசும்.

இழுப்பு என்கிற சொல்லும் இப்படித்தான். மூச்சிரைப்பும் இழுப்பு, காக்காய் வலிப்பும் இழுப்பு, ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டாலும் "இழுத்துக்கிச்சு". முறையே லெலா, சாவான், ஸ்ட்ரோக் என்று பிரித்துச் சொல்லுங்கள்.

டிரஸர் காலமும் இந்தக் காலமும்

நம் பாட்டன் பூட்டன் காலத்தில் இந்தத் தொல்லை எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். கப்பலில் வந்தவர்களைப் பினாங்குப் பக்கம் ஜெரெஜாக் தீவில் இறக்கி, தொற்று நோய் இருக்கிறதா என்று நாள் கணக்கில் வைத்துப் பார்த்த பிறகே தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். காடு வெட்டிய இடங்களில் மலேரியாக் காய்ச்சல் ஆட்களை வாரிக்கொண்டு போனது. கிள்ளான் வட்டாரத்தில் டாக்டர் மால்கம் வாட்சன் என்பவர் 1901 முதல் சதுப்பு நிலத்தை வடியவைத்துக் கொசுவைக் குறைத்துக் காட்டியபின்தான் இதற்கு ஒரு வழி பிறந்தது. 1938-ல் இந்திய அரசாங்கம் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அதற்குள் தோட்டம்தோறும் லயம், கோயில், பள்ளிக்கூடம், ஆயாக்கொட்டகை என்று ஒரு சிறு தமிழ் உலகமே உண்டாகிவிட்டது. அந்த உலகத்தில் ஒரு டிரஸரும் இருந்தார்.

டிரஸர் மலையாளியாகவோ யாழ்ப்பாணத்தாராகவோ இருப்பார். முழு டாக்டர் அல்ல. கொய்னாவும், கசப்புத் தண்ணீரும், காயத்துக்குப் போடுகிற சிவப்பு மருந்தும்தான் அவர் கைச்சரக்கு. அதட்டுவார், வேலைக்குப் போகாமல் இருக்க நடிக்கிறாயா என்று கேட்பார். ஆனால், "நெஞ்ச கரிக்குது தொரை" என்றால் அவருக்குப் புரியும். பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, வீடமைப்புத் திட்டங்களும் வந்தன, தோட்ட ஆஸ்பத்திரிகள் பல மூடப்பட்டன. மக்கள் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் போனார்கள். இன்று ஒரு வெள்ளி கொடுத்தால் அரசாங்கக் கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை, டாக்டர், மருந்து எல்லாம் கிடைக்கிறது. அந்த நாள் டிரஸர் கனவிலும் காணாத வசதி இது. முன்பு மொழி இருந்தது, நல்ல மருந்து இல்லை. இப்போது மருந்து இருக்கிறது, வயதானவர்களுக்கு மொழி எட்டவில்லை.

பள்ளிக்கு வராத பிள்ளைகள்

நான் டாக்டர் அல்ல. பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பவள். இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது என் வகுப்பு வருகைப் புத்தகம்தான். "நேத்து ஏன் வரலே?" என்று கேட்டால், "பாட்டிய கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனேன், டீச்சர்" என்று பதில் வரும். பாட்டியைக் கூட்டிப்போகப் பத்து வயதுப் பிள்ளையா? ஆமாம். அப்பா பழம் வெட்டப் போய்விட்டார், அம்மா கிலாங் வேலைக்கு, வீட்டில் மலாய் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

ஐந்தாம் ஆண்டில் ஒரு பையன். பாட்டிக்கு இனிப்பு நீர். காலில் ஆறாத புண். டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு, உடனே பெரிய ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், தாமதித்தால் காலை எடுக்க வேண்டி வரும் என்று மலாயில் சொல்லியிருக்கிறார். பையனுக்குச் சொல் நன்றாகவே புரிந்தது. ஆனால் பாட்டி முகத்தைப் பார்த்ததும் அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. "கால சுத்தமா வச்சிக்கச் சொன்னாரு பாட்டி" என்று சொல்லி வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டான். இரண்டு நாள் வகுப்பில் எழுதாமல் உட்கார்ந்திருந்தவன், மூன்றாம் நாள் இடைவேளையில் என்னிடம் வந்து, "டீச்சர், கால வெட்டுனா செத்துப் போயிருவாங்களா?" என்று கேட்டான். அன்று மாலையே அவன் தாயிடம் சொன்னேன். பாட்டிக்கு இரண்டு விரல்கள் போயின, பாதம் தப்பியது. பையனுக்கு யாரும் அடி கொடுக்கவில்லை. ஆனால் அவன் பிறகு பாட்டி வீட்டுக்குப் போகவே தயங்கினான் என்று கேள்விப்பட்டேன்.

அவனைக் குற்றம் சொல்வோமா? அந்தச் சுமையை அவன் தலையில் ஏற்றியது நாம். இன்னொரு பக்கம், தாய்க்கு மாதவிலக்கில் கோளாறு. கூடப் போனது பன்னிரண்டு வயது மகன். அந்தத் தாய் டாக்டரிடம் தலைவலி என்று சொல்லி மாத்திரை வாங்கி வந்தாள். பெற்ற பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வாள்? இந்த விஷயத்தை அமெரிக்க அரசாங்கம் சட்ட விதியாகவே எழுதியது: அரசுப் பணம் பெறும் மருத்துவமனைகள், அவசரம் என்றால் தவிர, சிறு பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்று 2016-ல் விதித்தார்கள். நமக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பக்கத்து வீட்டு அக்காள் ஒருத்தியை, ஐந்தாம் படிவம் முடித்த மருமகளை, கோயில் கமிட்டியில் இருக்கிறவரை அழைத்துப் போங்கள். அந்த ஒரு நாள் சம்பளத்தை இரண்டு வீடும் பகிர்ந்துகொண்டால் என்ன? கல்யாணத்துக்கு மொய் எழுதுகிறோம் அல்லவா?

இந்தியத் தோற்றமுள்ள டாக்டரைக் கண்டதும் தமிழில் கொட்டிவிடுகிறவர்களும் உண்டு. அவர் பஞ்சாபியாக இருக்கலாம். தமிழராகவே இருந்தும் ஆங்கிலத்தில் வளர்ந்தவராக இருக்கலாம். அவர் தலையாட்டினார் என்பதற்காகப் புரிந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

காலி என்றால் காலி அல்ல

மருந்துப் பையில் எழுதியிருப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். "2 பிஜி, 3 காலி செஹாரி" என்று இருக்கும். இரண்டு மாத்திரை, நாளுக்கு மூன்று தடவை. எங்கள் பக்கத்தில் ஒரு பாட்டி 'காலி' என்பதைக் காலி வயிறு என்று எடுத்துக்கொண்டு, சாப்பாட்டுக்கு முன்னே விழுங்கி, வயிற்றெரிச்சலில் துடித்தார். சாப்பாட்டுக்கு முன் என்பதற்கு செபெலும் மாக்கான். பின் என்பதற்கு செலெபாஸ் மாக்கான். அவசரத்தில் காதுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். 'சாப்பு' என்று எழுதியிருந்தால் தடவுகிற மருந்து. தமிழ்க் காதுக்கு அது சாப்பிடு என்று கேட்டுவிடப் போகிறது, ஜாக்கிரதை!

இரத்தம் எடுக்கப் 'புவாசா' இருந்து வா என்றால் முதல் நாள் இரவிலிருந்து எட்டுப் பத்து மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் வருவது. வெறும் தண்ணீர் குடிக்கலாம். நோன்பு மாதத்துப் புவாசா என்று நினைத்துத் தண்ணீரும் குடிக்காமல் வந்து தள்ளாடுகிறவர்கள் உண்டு. "நாம என்ன முஸ்லிமா?" என்று தோசை சாப்பிட்டுவிட்டுப் போய்த் திரும்பி வருகிறவர்களும் உண்டு. 2019-ல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், வயது வந்த இந்தியர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. மற்ற எல்லா இனத்தையும்விட அதிகம். ஆகவே இந்தச் சிறு சொல் நம் வீடுகளில் பாதிக்கு வேண்டியதாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால் மலாயில் அந்த நோய்க்குப் பெயர் கெஞ்சிங் மானிஸ். நாம் சொல்வதும் அதையே தான்.

மருந்து கொடுப்பவர் சொன்னதை உங்கள் வாயால் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். "சாயா சாக்காப் பாலிக், பெத்துல் தா?" என்றால் போதும், யாரும் கோபிக்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்து பையின்மேல் காலைக்குச் சூரியனும் இரவுக்கு நிலாவும் பேனாவால் வரைந்துவிடுங்கள். அரசாங்கமே இந்த வழியைக் கையாண்டிருக்கிறது: கர்ப்பிணிகளின் மருத்துவப் புத்தகத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை என்று அடையாளம் ஒட்டுவார்கள். சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி. படிக்கத் தெரியாத தாய்க்கும் அந்த நிறம் புரியும்.

லயத்துக்கு வந்திருக்கும் புதியவர்கள்

இப்போது நம் லயங்களில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். இந்தோனேசியர், வங்காளதேசிகள், நேபாளிகள். நம் தாத்தா வந்து இறங்கிய அதே நிலையில் அவர்கள் இறங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கோ டிரஸரும் இல்லை.

இந்தோனேசியருக்கு மொழிக் கஷ்டம் இல்லை என்று நினைப்போம். அவர்கள் ஊரில் புசிங் என்றால் தலை சுற்றல்; இங்கே திரும்பு என்று பொருள். அங்கே பீசா என்றால் முடியும். இங்கே விஷம், கடுப்பு. வங்காளதேசிக்கும் நேபாளிக்கும் மலாய் அடியோடு புதிது. ஆனால் ஜுரம் என்று தமிழில் சொல்லிப் பாருங்கள், அவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். வங்காளத்தில் ஜர், நேபாளத்தில் ஜ்வரோ. எல்லாம் ஒரே வேரிலிருந்து வந்தவை.

அவர்கள் கிளினிக்குக்குப் போகாததற்கு மொழி மட்டும் காரணம் அல்ல. வெளிநாட்டவருக்குக் கட்டணம் நம்மைவிடப் பல மடங்கு. பத்திரம் இல்லாதவர் சிகிச்சைக்கு வந்தால் போலீசுக்கும் குடிநுழைவுத் துறைக்கும் தெரிவிக்க வேண்டும் என்று சுகாதார அமைச்சு 2001-ல் சுற்றறிக்கை விட்டது. 2020-ல் கொரோனா பரவியபோது கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பக்கத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர் நிறைந்த கட்டடங்களை அடைத்துப் பரிசோதித்தார்கள். மே 1-ஆம் தேதி அந்த வட்டாரத்திலேயே பத்திரம் இல்லாதவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்புறம் எவன் இருமலைச் சொல்ல முன்வருவான்? இருமலுக்குப் பத்திரம் தெரியாது; அடுத்த கதவு நம்முடையது.

பத்திரம் உள்ளவர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. 2019 ஜனவரி முதல் வேலையிடத்து விபத்துக்குச் சொக்சோ பாதுகாப்பு வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் கொடுக்கப்பட்டுள்ளது. இதை அவர்களில் பலர் அறியமாட்டார்கள். கூட வேலை செய்கிற மண்டோர் சொன்னால்தான் தெரியும். மட்டை விழுந்து கண்ணில் அடிபட்ட ஒரு வங்காளதேசியை நம் ஆள் ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய், "தாடி பாகி, கெனா பெலெபா, மாத்தா" என்று மூன்றே துண்டாகச் சொல்லிச் சேர்த்தாராம். காலையில், மட்டை, கண். அந்த இடத்தில் சந்தை மலாயே போதுமானதாக இருந்தது. ஏனென்றால் எப்போது, எதனால், எங்கே என்ற மூன்றும் அதில் இருந்தன.

கடைசியாக, இரவில் அவசரம் என்றால் 999-ஐ அழைப்பீர்கள். எந்த இடம் என்று கேட்பார்கள். நாம் தோட்டங்களுக்கு நாமாக வைத்த பெயர் வேறு, அரசாங்க ஏட்டில் இருக்கும் பெயர் வேறு. பழைய துரையின் பெயரையோ ஆற்றின் பெயரையோ வைத்து நாம் சொல்லும் பெயர் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்குத் தெரியாது. தோட்டத்தின் ஏட்டுப் பெயர், டிவிஷன் எண், பெரிய சாலையில் எந்தக் கட்டைக்கு அருகே சந்து திரும்புகிறது, இந்த மூன்றையும் மலாயில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள். புதிதாக வந்தவர்கள் வீட்டுக் கதவிலும் ஒன்று ஒட்டச் சொல்லிக் கொடுங்கள். வண்டி வருவதற்குள் ஒருவர் டார்ச்சோடு சந்து முனைக்குப் போய் நிற்கட்டும்.